சக்கை மரம் தெரியக் கூடாது: குமரியில் குயர் குறும்படம் எடுப்பது

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சின்னக் கொட்டகை. அதற்குள் ஷீட் அடிக்கும் ரோலர்கள் இரண்டு. முந்தின நாள் எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய விட்டிருப்பார்கள். காலையில் அது வெள்ளைக் கட்டியாக, தொட்டால் நடுங்குகிற பதத்தில் கிடக்கும். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் அந்தக் கட்டியை உருளைகளுக்கு இடையில் கொடுத்து, மறுபுறம் நீண்டு இறங்கும் ஷீட்டை உள்ளங்கையில் ஏந்த வேண்டும். முதலில் வழவழப்பான உருளை, அடுத்துக் கோடு பதிக்கும் உருளை. சுற்றுகிறவருக்கும் ஏந்துகிறவருக்கும் கை ஒத்துப்போகாவிட்டால் ஷீட் மடிந்து சுருண்டுவிடும்.

நண்பர்கள் எடுத்த 11 நிமிடக் குறும்படத்தின் உயிர் அந்தக் கொட்டகைக் காட்சியில்தான் இருந்தது. விளையில் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு ஆண்கள். காதல் என்ற சொல்லே படத்தில் கிடையாது. கைப்பிடி சுற்றுகிறது, ஷீட் இறங்குகிறது, ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்குப் போகிறது. போகிற வழியில் ஒரு கணம் இருவருமே அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். நான் ஒலிப்பதிவுக்காகப் போயிருந்தேன்.

இடத்துக்குச் சொந்தக்கார மாமியிடம் கதையை மறைக்காமல் சொல்லியிருந்தோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார்: கிணற்றடியில் நிற்கும் சக்கை மரம் படத்தில் தெரியக் கூடாது. கொட்டகை எல்லா விளையிலும் இருக்கிறது, ரோலரும் அப்படித்தான். ஆனால் அடிமரம் இரண்டாகப் பிரிந்த அந்தப் பலா மரத்தைப் பார்த்தால், இது யார் வீடு என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்றார். கேமராவை மூன்று முறை இடம் மாற்றினோம். எங்கே வைத்தாலும் வாசல் வழியாக மரம் எட்டிப் பார்த்தது. கடைசியில் கேமராவை உள்ளே தள்ளி, ரோலருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தோம். கைகள், ஷீட், உருளையில் வழியும் நீர், ஒருவனுடைய தாடை. படத்தைப் பார்த்தவர்கள் அந்த நெருக்கத்தைப் பாராட்டுகிறார்கள். அந்த நெருக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது ஒரு மரம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தன்பால் ஈர்ப்பைப் பற்றியோ பாலின அடையாளத்தைப் பற்றியோ சொந்த முயற்சியில் படம் எடுக்க இறங்குகிறவர்களுக்கு வரும் சிக்கலை அந்த மாமியின் நிபந்தனை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறது. பணம், கருவி, சட்டம், தணிக்கை எல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது முகம். ஆளுக்கு முகம் இருப்பதுபோல இங்கே வீட்டுக்கு முகம் உண்டு, மரத்துக்கு முகம் உண்டு, பேச்சுக்கும் முகம் உண்டு. எதைக் காட்டினாலும் யாரோ ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்.

இதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், அதாவது மாநில சராசரியைப் போல இரண்டு மடங்கு. மலையும் காடும் போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் இத்தனை பேரும் வாழ்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பஸ்ஸில் போனால் ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அந்த நெருக்கத்துக்கு மேல் இன்னொரு நெருக்கம்: கத்தோலிக்கப் பங்கு என்றால் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குழு, சீர்திருத்தச் சபை என்றால் வாலிபர் கூட்டம், கோயில் என்றால் ஊர்க் கமிட்டி. ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப் குழு. மாநிலத்திலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 92 சதவீதம். ஆனால் படித்த ஊரில் மறைவு அதிகம் கிடைக்கும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. படித்தவர்கள் செய்தியை வேகமாகக் கடத்துகிறார்கள்.

ஆகவே ஆட்கள் வெளியே போகிறார்கள். நர்சிங் முடித்த பெண்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும், கடற்கரை இளைஞர்கள் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும், மற்றவர்கள் சென்னைக்கும். வேலைக்காக மட்டும் போகிறார்கள் என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். தன் ஆசைக்குப் பெயர் என்ன என்பதே தொலைவில் போன பிறகுதான் தெரிந்தது என்று சொன்ன பலரை எனக்குத் தெரியும். அவர்கள்தான் திரும்பி வந்து படம் எடுக்க நினைக்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் காலம் கிறிஸ்துமஸ் விடுமுறை. நடிக்கிறவர், கேமரா பிடிக்கிறவர், சமைத்துக் கொடுக்கிற தோழி எல்லோரும் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். அவர்களுடைய அண்ணன், சித்தப்பா, மயினி எல்லோரும் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள் என்பதும் உண்மை. வாசலில் நட்சத்திரம் தொங்கும் பத்து நாட்களுக்குள், வீட்டில் வெவ்வேறு காரணங்களைச் சொல்லிவிட்டு வந்து, மூன்று காலைப் பொழுதுகளில் ஒரு படத்தை முடிக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கிறவர்கள் பலருக்கு இதில் வீண் பயமும் இருக்கிறது, வீண் தைரியமும் இருக்கிறது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய, 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை டெல்லி உயர்நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அரசியல் சாசன அமர்வு, வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றம் ஆகாது என்று முடித்து வைத்தது. 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு திருநங்கை, திருநம்பியரின் பாலின அடையாளத்தை அவர்களே தீர்மானிக்கும் உரிமையைத் தந்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்து, திருமணம் ஒன்றே குடும்பத்தை உண்டாக்கும் வழி அல்ல, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்புவதைப் படமாக எடுப்பது குற்றம் இல்லை. நடிக்கிறவர்கள் பதினெட்டு வயது முடிந்தவர்களாக இருக்க வேண்டும். பள்ளிப் பருவக் காதலைக் கதையாக வைத்துக்கொண்டு, நெருக்கமான காட்சியில் அந்த வயதுப் பிள்ளையையே நடிக்க வைத்தால் 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டம் வரும், வரத்தான் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

மொழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு எழுதும் முன், இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் மரியாதையான தமிழ்ச் சொற்களின் களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. போலீஸ் நிலையத்திலும் மருத்துவமனையிலும் செய்தித்தாளிலும் இந்தச் சொற்கள் தேவை. அவை இல்லாத இடத்தை வசைச் சொற்கள் நிரப்பிக்கொள்ளும். எந்தச் சொற்கள் என்று எழுத வேண்டியதில்லை, இங்கே பள்ளிக்கூடம் போன எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. அரசு நலவாரியம் அமைத்த 2008 வாக்கில் பரவிய 'திருநங்கை' என்ற ஒரு சொல் எத்தனை பேர் தலையை நிமிர்த்தியது என்பதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் கதாபாத்திரத்தின் வாயில் அந்தச் சொற்களை வைக்கும்போது காது ஒப்புக்கொள்வதில்லை. ரப்பர் விளைப் படத்தின் முதல் எழுத்துப்படியில், இரண்டு பேரில் இளையவன் தன்னைத் தன்பாலீர்ப்பாளன் என்று சொல்லிக்கொள்ளும் வசனம் இருந்தது. நடித்தவர் ஏழு முறை சொல்லிப் பார்த்தார். ஏழு முறையும் வானொலிச் செய்தி கேட்டதுபோல இருந்தது. அவருக்கு நடிப்பு வரவில்லை என்று அர்த்தம் இல்லை. அந்த மனிதனிடம் அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் 'பால்' என்று சொன்னால் முதலில் மனதில் வருவது சிரட்டையில் சொட்டும் ரப்பர் பால். குயர் மக்களைக் குறிக்கும் பால்புதுமையர் என்ற சொல்லில் இருக்கும் பாலை அந்த மனிதனுக்கு யார் விளக்குவது, எப்போது விளக்குவது?

அந்த வசனத்தை எடுத்துவிட்டு 'மக்கா' என்ற ஒரு சொல்லை வைத்தோம். குமரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாய் பிள்ளையை அழைப்பதும் மக்காதான், தோழன் தோழனை அழைப்பதும் மக்காதான், சண்டையை விலக்கிவிடும் கிழவர் எதிரியை அழைப்பதும் அதுதான். வயதையும் உறவையும் தாண்டிப் பாயும் வாஞ்சை அதில் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் எல்லோர் நடுவிலும் ஒருவன் மற்றவனை அப்படி அழைக்கிறான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசியில் கொட்டகைக்குள் அதே சொல்லை அதே குரலில், இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறான். மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு அந்த இரண்டு மக்காவுக்கும் இடையில் உள்ள தூரம் முழுக் கதையையும் சொல்லிவிடும். சப்டைட்டில் போட உட்கார்ந்தபோது அந்தச் சொல்லுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு இரவுகள் போயின. கடைசியில் ஒலியை மட்டும் அப்படியே எழுதிவிட்டோம்.

டப்பிங் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். முகத்தை மறைக்க விரும்பும் நடிகர் பெரும்பாலும் குரலையும் மாற்றக் கேட்பார். சென்னையில் ஒரு குரல் கிடைக்கும், சுத்தமாகவும் இருக்கும். ஆனால் வேணாட்டுத் தமிழின் இழுப்பு, மலையாளத்தின் சாயல், சொல் முடியும் இடத்தில் வரும் அந்த ஏற்றம் எல்லாம் போய்விடும். குரல் மாறியவுடன் இது எங்கோ நடக்கும் கதை ஆகிவிடுகிறது. நம் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது. இருந்தும், குரலைக் கொடுப்பது முகத்தைக் கொடுப்பதற்குக் குறைந்ததில்லை. கேட்டுப் பெற வேண்டியது அது. எடுத்துக்கொள்ளக் கூடாது.

முகம் எல்லோருக்கும் ஒரே சிக்கலும் இல்லை. திருநங்கையின் முகம் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. அவர்களுக்கு மறைவு என்பதே கிடைத்ததில்லை. அவர்களைப் பற்றி வந்த குறும்படங்களில் கேமரா எத்தனை முறை முகக் கண்ணாடி முன் போய் நின்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: பொட்டு, உதட்டுச் சாயம், கண்ணீர். பொட்டு வைத்த பிறகு அவர் எங்கே போகிறார், யாரை விரும்புகிறார், மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்கும் படம் அபூர்வம். அந்த வேடத்துக்கு ஆண் நடிகரைத் தேடிப் போவதை இனியாவது நிறுத்தலாம். நடிக்கத் தெரிந்த திருநங்கைகள் இருக்கிறார்கள். தன்பால் விரும்பும் ஆணுக்கு நேர் எதிரான நிலைமை: முகம் தெரு முழுக்கத் திரியும், ஆனால் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்த நாளில் எல்லாம் போகும். பெண்களுக்கு இன்னும் இறுக்கம். அவர்களுக்கு ஓர் இடத்தில் நிற்கவே காரணம் வேண்டும். ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் விடுதி அறைக்குள் போய் அடைவதற்கு எழுதியவரின் கற்பனைக் குறைவு மட்டும் காரணம் இல்லை, அவர்களைத் தனியாக விடும் அறை வேறு எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

வரலாற்றைத் துணைக்கு அழைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதும் கதைகளில் கணியான் கூத்து அடிக்கடி வருகிறது. சுடலைமாடன் கொடையில் ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடுகிறார்கள். நம் மண்ணில் இது ஏற்கெனவே இருக்கிறது என்று காட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அந்த ஆட்டக்காரர் ஒரு சாதியின் தொழிலைச் செய்கிறார். வேடத்தைக் கலைத்த பிறகு அவருக்கு வேறு வாழ்க்கை இருக்கிறது. அவர் காலில் கட்டிய சலங்கையை எடுத்து நம் வாதத்துக்குக் கட்டக் கூடாது. ஊர் அவரைக் கொண்டாடுவதும் கொடை இரவில் மட்டும்தான்.

இதைவிட எனக்கு உதவியாக இருப்பவை வேறு இரண்டு. ஒன்று தோள்சீலைப் போராட்டம். எந்தச் சாதிப் பெண் மார்பை மறைக்கலாம், எந்தச் சாதிப் பெண் மறைக்கக் கூடாது என்பதை அரசும் ஊரும் தீர்மானித்த திருவிதாங்கூர் இது. பல பத்தாண்டுகள் அடிதடி, தீவைப்பு எல்லாம் நடந்து, 1859 ஜூலை 26 அன்றுதான் நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி தரும் அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்று ஒரு வால் இருந்தது. ஓர் உடல் பொதுவில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை உடலின் சொந்தக்காரர் தீர்மானிக்க முடியாமல் இருந்த காலம் நம் பாட்டிகளின் பாட்டிகள் கண்ட காலம். இரண்டாவது, மருமக்கள்வழி. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. அந்த முறையில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாட்டைத் தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாட்டாகவே பாடினார். 1926இல் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். குடும்பம் என்றால் காலம்காலமாக இதுதான் என்று நம் மாவட்டத்தில் ஒருவர் சொன்னால், நூறு வருடத்துக்கு முன்னால் எது குடும்பமாக இருந்தது என்று அவரையே கேட்கலாம். இந்த இரண்டையும் படமாக எடுக்க வேண்டியதில்லை. எழுதுகிறவர் மனதில் இருந்தால் போதும்.

இனி ஆசை. குயர் குறும்படம் என்று பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அடையாளத்தைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. ஒருவன் தான் யார் என்று சொல்கிறான், அம்மா அழுகிறாள், அப்பா அடிக்கிறார், கடைசியில் கயிறோ கடலோ ரயில் தண்டவாளமோ வருகிறது. அந்தச் சாவுகள் உண்மையில் நடக்கின்றன. அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு சொல்கிறேன். படம் பார்க்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற ஒருவர் திரையில் வந்ததும் இவர் எப்போது சாவார் என்று காத்திருக்கும் பழக்கத்தை நாம் கொடுத்துவிடக் கூடாது. சாவுக்கு முன்னால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் எதற்காக விரும்பினார்கள் என்று சொல்லியாக வேண்டும். பிடரியில் வியர்வை நிற்கும் விதமா, மீன் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடும் பழக்கமா? விருப்பம் எப்போதும் குறிப்பிட்ட ஒன்றின் மேல்தான் வரும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பத்து நிமிடப் படத்துக்கு வேறு கதையே வேண்டாம்.

நெருக்கமான காட்சியை எடுப்பது வேலை. அதற்கு ஒழுங்கு வேண்டும். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். கை எங்கே போகும், எத்தனை நேரம் இருக்கும், எங்கே நிற்கும் என்று நடிக்கிறவர்கள் இருவரும் இயக்குநரும் முதல் நாளே உட்கார்ந்து, சட்டை போட்டபடி, சிரித்துப் பேசி முடிவு செய்துவிடுவார்கள். எழுதி வைத்துக்கொள்வோம். எடுக்கும்போது கேமரா, ஒலி, இயக்குநர் மூன்று பேருக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள். எழுதியதைத் தாண்டி எதுவும் நடக்காது. உணர்ச்சி வேகத்தில் நன்றாக வந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ஒரு முறை நான் போன வேறொரு படப்பிடிப்பில் இந்த ஒழுங்கு இல்லை. ஒரு நடிகை காட்சி முடிந்ததும் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசியிலேயே திரைக்குப் போதுமான படம் கிடைக்கிறது. கெடுவது ஒலி. காதலர்கள் இரகசியமாகப் பேசுவார்கள். குமரியில் இரகசியம் பேச இயற்கை விடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றுக்கு, மைக்கின் மேல் ரோம உறை போட்டாலும் பொத்தான் மைக்கைச் சட்டைக்குள் ஒட்டினாலும் பலன் கொஞ்சம்தான். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. முட்டத்தில் பாறையில் மோதும் அலை வசனத்தை விழுங்கிவிடும். ரப்பர் விளையில் டிசம்பர் முடிவில் இலை உதிரத் தொடங்கும்; ஒருவர் கால் மாற்றி நின்றாலும் சருகு நொறுங்குவது ஹெட்போனில் பட்டாசு போலக் கேட்கும். நாங்கள் நடிகர்களைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, காலுக்குக் கீழே நனைத்த சாக்கு விரித்தோம்.

கடலை விட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். எண்பதுகளிலிருந்து தமிழ்ச் சினிமாவின் காதலர்கள் முட்டம் பாறைகளில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். சூரியன் கடலில் எழுவதும் கடலில் விழுவதும் நம் ஊரில் பார்க்கலாம்தான். ஆனால் சுற்றுலா வந்தவரின் கேமராவும் அதையே எடுக்கிறது. தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிச்சிப் பூ அளக்கும் கைகள், மார்த்தாண்டத்துத் தையல் கடையில் அளவு எடுக்கும் நாடா, தேங்காப்பட்டணத்தில் வலை பின்னும் நிழல் என்று தொடுதலுக்கு ஊரே காரணம் கொடுக்கும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

எடுத்த பிறகு எங்கே காட்டுவது? இங்கேதான் முகம் மறுபடி வந்து நிற்கிறது. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, ஐந்து நிமிடப் படமானாலும் பொதுமக்களுக்குத் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்கள் பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும் காட்ட மத்திய அரசிடம் விலக்குப் பெறுகின்றன. யூடியூபில் ஏற்றச் சான்றிதழ் தேவையில்லை. அங்கே 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் அந்த நிறுவனத்தின் சொந்த விதிகளும்தான். சான்றிதழ் கிடைத்தால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் 'ஃபயர்' வெட்டில்லாமல் சான்றிதழ் வாங்கித்தான் 1998இல் திரைக்கு வந்தது. மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்களை உடைத்தார்கள். கோழிக்கோட்டில் நடக்கும் கதையைச் சொன்ன ஜெயன் செரியனின் 'கா பாடிஸ்கேப்ஸ்' படத்துக்கு 2016இல் சான்றிதழே மறுக்கப்பட்டு, விவகாரம் கேரள உயர்நீதிமன்றம் வரை போனது.

விழாக்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு புவியியல் வசதி இருக்கிறது. சென்னையில் 'ரீல் டிசையர்ஸ்' குயர் திரைப்பட விழா நடந்திருக்கிறது. மும்பையில் 2010 முதல் 'கஷிஷ்' நடக்கிறது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். 2008இல் அங்கே தொடங்கிய கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்குக் காலை ரயிலில் போய்ப் படம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை நாம் இருந்த பக்கம் அது. எங்கள் குழுவில் இருக்கிறவர்கள் தங்களைப் போன்றவர்களைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஊர் அரங்குகளில்தான், மலையாளத்தில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் காட்டுவதில் இன்னொரு நிம்மதியும் உண்டு: சக்கை மரத்தை அங்கே யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதியே எனக்கு வலிக்கவும் செய்கிறது. யாருக்காக எடுத்தோமோ அவர்கள் மார்த்தாண்டத்தில் இருக்கிறார்கள்.

அதனால் மூடிய அறைகளில் திரையிடுகிறோம். ஒரு நண்பரின் வீட்டு மாடியில், வெள்ளைப் போர்வையை ஆணியில் மாட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு. பன்னிரண்டு பேர் வருவார்கள். கைப்பேசிகளை ஒரு முறத்தில் வாங்கி வைத்துவிடுவோம். முப்பது விநாடித் துண்டு ஒன்று வெட்டப்பட்டு ஊர்க் குழுவில் விழுந்தால் போதும், படத்தின் மிச்சம் பத்தரை நிமிடத்தை யாரும் கேட்க மாட்டார்கள். சென்ற முறை மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் இரண்டாவது மக்கா கேட்கவில்லை. திருப்பிப் போடச் சொன்னார்கள், போட்டோம். இரண்டாம் முறை அறையில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

ஒப்புதல் என்பதை ஒரு கையெழுத்தாக நினைத்தால் இந்த ஊரில் நிறையப் பேரைக் கெடுத்துவிடுவோம். படப்பிடிப்பு நாளில் ஒருவர் மனதார ஒப்புக்கொள்வார். ஆறு மாதம் கழித்து வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கினால் அதே மனம் வேறு கணக்குப் போடும். ஆகவே ஒப்புதலை மூன்று முறை கேட்கிறோம்: எடுக்கும் முன், வெட்டி ஒட்டிய படத்தை நடித்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டிய பிறகு, வெளியே அனுப்பும் ஒவ்வொரு முறையும். அவர் வேண்டாம் என்றால் படம் நிற்கும். பணம் போட்டவருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இணையத்தில் ஏற்றுவதை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். ஏற்றிய பிறகு நாம் நீக்கினாலும் பிரதிகள் நீங்காது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதனால் படங்கள் தாமதமாகும், சில வெளியே வராமலே போகும் என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆமாம், அப்படித்தான் ஆகும்.

ரப்பர் விளைப் படம் இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கிறது. பெயர்கள் ஓடும் இடத்தில் ஒன்பது பேரில் நான்கு பேர் சொந்தப் பெயரைத் தந்திருக்கிறார்கள். மாமி பெயர் போட வேண்டாம் என்றார். ஷீட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு நன்றி என்று மட்டும் போடச் சொன்னார், போட்டிருக்கிறோம். இரண்டு நடிகர்களில் மூத்தவர் விழாவுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார். இளையவருடைய தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். அது முடியும் வரை யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறோம்.